லாக்கர் எண் 41

மாமனார் ஞானசிகாமணி
கறையானுக்குப் பயந்து,
ரப்பர் புகைக்கூடத்து எலிக்குப் பயந்து,
அதைவிட மூத்த மகன் ஸ்டான்லிக்குப் பயந்து
உயிலை எல்லை தாண்டிப்
பாறசாலை வங்கியில் வைத்துப் பூட்டினார்.
யாரிடமும் சொல்லாமல் செத்தார்.

சாவி எங்களிடம்தான் இருந்தது.
பழைய ஸ்கூட்டர் சாவியென்று
பத்து மாதம் ஆணியில் தொங்கியது.

அதற்குள் குழித்துறையில் இரண்டு வக்கீல்கள்.
ரெஜினாள் மதினி என் முகம் பாராமல்
ஒரு ஈஸ்டர் போயிற்று.

மானேஜர் மலையாளத்தில் கேட்டார்,
அவகாசி ஆரு?
உள்ளே இருக்கிற தாளில் எழுதியிருக்கு சார்.
தாளை எடுக்க
அவகாசி ஆரென்று காட்டணும் என்றார்.
சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மாநில முத்திரை, நாலு மாதம்.
திறந்தால் ஒரே ஒரு பக்கம்.
நாங்கள் அடித்துக்கொண்டு பிரித்ததும்
அவர் எழுதியதும் ஏறக்குறைய ஒன்றே.
ஒரு வரிதான் வேறு:
கிணற்றங்கரை அயினி மரம் மகள் ரெஜினாளுக்கு.

அந்த மரம்
போன ஓணத்துக்கு முன்பே
எங்கள் கட்டிலாகிவிட்டது.

அதில் படுத்துத் தூங்காமல்தான்
என்னுடையதை எழுதினேன்.
முதல் வரி கட்டில், யாருக்கென்று சொல்ல வேண்டாம்.
பதிவு செய்தேன்.
உறை எங்கே, சாவி எங்கே, எந்த அலுவலகம், எந்த எண்
என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி
கரண்ட் மீட்டர் பெட்டிக் கதவின்
உட்புறம் ஒட்டினேன்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
யாராவது திறந்தே ஆகவேண்டிய கதவு.

ரீடிங் எடுக்க வந்த பையன்
வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.
பார்க்கட்டும்.
இப்போது அவனுக்கும் தெரியும்.