பத்தொன்பது கிலோ

பாம்பாம் ஒரு ஜோடி, மினுங்கும் பாவாடை,
ரிப்பன் சேர்த்து அறுநூற்றைம்பது.
வாங்கி வந்த நாளிலிருந்து
வீடெங்கும் நீல இழைகள் உதிர்கின்றன.
சோற்றில் ஒன்று. தலையணையில் ஒன்று.
என் பையோடு ஒட்டிக்கொண்டு
கொள்முதல் நிலையம் வரைக்கும் வந்த ஒன்றை
நெல்லிலிருந்து எடுத்துக் காட்டி
ஒருவர் கேட்டார்:
"இது என்னம்மா, புது ரகமா?"

தர்ஷிகா வைகை அணி.
பாமணியாற்றங்கரையில் பால்பல் விழுந்தவள்
விடிந்ததும் வாயில் நுரையோடு
வைகை, வைகை, கோ, கோ என்று குதிக்கிறாள்.
எதிர்வீட்டுப் பையன் காவிரி அணியாம்.
பதினெட்டாம் தேதி வரை
அவனோடு பேச்சில்லை.

கீழே மூன்று பேர் மண்டியிட்டு,
அவர்கள் முதுகில் இரண்டு,
உச்சியில் ஒன்று.
எடை குறைந்த பிள்ளைதான் உச்சிக்கு என்றார்
ஞானசெல்வம் மாஸ்டர்.
பத்தொன்பது கிலோ. என் மகள்.

நாற்பது கிலோ சிப்பங்களுக்குப்
பட்டியல் எழுதுகிறவள் நான்.
முதலில் பெருமையாகத்தான் இருந்தது,
ஒளிப்பானேன்.
லாரி டிரைவரிடம்கூடச் சொன்னேன்.

பிறகு மூன்று இட்லி இரண்டாயிற்று.
இரண்டு, ஒன்று.
டப்பாவில் முட்டை
உப்பு மிளகோடு அப்படியே திரும்பி வந்தது.
"வயிறு வலிக்குதும்மா."
ஒருநாள் சாயங்காலம் மளிகைக்கடையில்
நான் பருப்புக்குச் சில்லறை எண்ணும்போது
வெங்காய மூட்டை இறங்கிய தராசில்
அவள் ஏறி நின்றாள்.
செருப்பைக் கழற்றினாள்.
கொலுசைக் கழற்றினாள்.
பிறகு
மூச்சை வெளியே விட்டாள்.

ஏழு வயசு.

ஈரம் பதினேழைத் தாண்டினால்
காயவைத்துக் கொண்டு வாங்க என்று
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிய வாய்.
அன்று ராத்திரி அந்த வாய்க்கு
ஒரு சொல் வரவில்லை.
திருப்பூரிலிருந்து போனில் அவள் அப்பா சிரித்தார்:
"உச்சியில நிக்கட்டுமே, போட்டோ அனுப்பு."

சண்டை போடத்தான் போனேன் பள்ளிக்கு.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே.
விசிலை விரலில் சுற்றியபடி
"மேடம், யாராச்சும் ஒரு பிள்ளை
மேல நின்னுதானே ஆகணும்" என்றார்.
அதற்குப் பதில் என்னிடம் இல்லை.
"இருபத்திரண்டு கிலோ சார் இவ" என்றேன்.
"நேத்துதான் போட்டேன்.
எடை பாக்குற இடத்துலதான் எனக்கு வேலை."

அரசாங்க முத்திரை பார்த்ததுபோல் நம்பிவிட்டார்.
ஐந்து பருவமாக
ஒரு சிப்பத்துக்கும் கூட்டி எழுதாதவள்
மூன்று கிலோ கூட்டினேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் நான்கு இட்லி தின்றாள்,
கோபமாகவே.

பதினெட்டாம் தேதி.
தைப் பனி ஈரம் மைதானத்தில் இன்னும் காயவில்லை.
ஸ்பீக்கர் ஒருமுறை கத்தி அடங்கிற்று.
கீழ்வரிசையில் நடுவில் என் பிள்ளை.
எல்லா போனும் உச்சியைப் பார்த்து நிமிர்ந்திருக்க
நான் மட்டும் கீழே
புல்லுக்குள் அழுந்தியிருந்த
பத்து விரல்களைப் பார்த்தேன்.
முழங்காலில் சேறு.
உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

உச்சியில் ரிஸ்வானா,
கூத்தாநல்லூர் வேனில் வரும் பிள்ளை.
நீலக் கத்தைகளை வானத்தில் உதறினாள்.
கால் நடுங்கியது.
என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்,
நகம் பதியப் பதிய.
அவள் அம்மா.
அதற்குமுன் நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை.

விசில். கைதட்டல். எல்லாம் இறங்கியது.
தர்ஷிகா ஓடிவந்தாள்:
"அம்மா, நான் அசையவே இல்ல, பாத்தியா?"
பார்த்தேன்டா என்றேன்.
அவளுக்குப் பின்னால் ரிஸ்வானா
மெல்ல நடந்து வந்தாள்.
கொடுத்த பிஸ்கட்டைப் பிரிக்காமல்
பாம்பாமுக்குள் செருகினாள்.

கேட்கக் கூடாதுதான்.
"எவ்வளவு இருப்பா உங்க பொண்ணு?"

"பதினெட்டரை"
என்றாள் அந்த அம்மா, உடனே,
அரையை விடாமல்.