நடுக்கோடு

திம்மராயனின் மேல்செட்டு
மூன்றாம் முறையாக வந்திருக்கிறது,
பீடிக்கட்டுத் தாளில், இரண்டு துண்டாக.
இந்தமுறை கல்யாண வீட்டு நல்லி எலும்பு.
"கடிக்கத்தானே பல்லு" என்று
டாக்டர் நஸ்ரினிடம் சண்டையாம்.

எப்போதும் அதே நடுக்கோட்டில்தான் பிளக்கிறது.

பாலக்கோடு ரயில் நிலையம் தாண்டி
வேலியோரம் ஆனைக்கற்றாழை.
நாலு மடல் அறுத்தேன். முழங்கை வரை அரிப்பு.
நாரைக் காரத்தில் ஊறப்போட்டு, அலசி, உலர்த்தி
அரை அரிசி நீளத்துக்கு நறுக்கினேன்,
நகவெட்டியால்.
கத்தரிக்கோலுக்கு அது அடங்கவில்லை.

நூறு பங்கு அக்ரிலிக் தூளுக்கு
ஒரு பங்கு நார்.
ஆசைப்பட்டு ஐந்து போட்டதில்
வெந்து வந்தது, வண்டு துளைத்த பலகை.

இரண்டு செங்கல்லுக்கு நடுவே
பட்டையைப் பாலமாக வைத்து, வாளி கட்டி,
சொம்பு சொம்பாகத் தண்ணீர்.
வெறும் பட்டை ஏழாம் சொம்பில் படீர்.
நார்ப்பட்டை ஒன்பதில் முனகியது,
பதினொன்றில் விரிந்தது.
வாளி விழவில்லை.
பிளந்த இரு பாதியையும்
நாலைந்து மயிரிழை பிடித்திருந்தன.
தண்ணீர் ஊற்ற மறந்து நின்றேன்.

"ஈறு பழுப்படிக்குதே" என்றார் டாக்டர்.
இந்த போர்வெல் தண்ணீரில் கறை ஏறிய வாய்களுக்கு
புதுப்பல்லிலேயே பழுப்பு தீற்றுகிறவள் நான்.
முழு வெள்ளையை
"யாரோட பல்லு இது?" என்று திருப்பிவிடுகிறார்கள்.

ஆனாலும் எச்சில் வேறு, வாளி வேறு.
நார் தண்ணீர் குடிக்கும், உப்பும்.

திம்மராயனுக்குப் பழையபடி
ஒட்டித்தான் அனுப்புகிறேன்.
எலும்பைச் சப்பச் சொல்லுங்கள், ஆறு மாதம்.

மாம்பழ ஜாம் பாட்டிலில்
பட்டை ஊறுகிறது,
மூடிமேல் இன்றைய தேதி.