ரேகை தெளிவில்லை

தக்கலையில் இந்தப் பதிவறைக்குள் மழை வராது,
வாசம் மட்டும் வரும்.
பக்கத்துக்கு அறுபது பைசா என்று பேசி
என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.
நூல் அவிழ்க்கணும், தூசு தட்டணும்,
கண்ணாடிமேல் கவிழ்க்கணும்.
வாசிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டில்
ஏசுவடியாள் என்றொருத்தி
ஓர் அயனி மரத்துக்காக மனு போடுகிறாள்.
“மேற்படி மரம் என் வக நாலு சென்டில்
தூர் ஊன்றி நிற்பதாலும்
எதிர்கக்ஷி தவசிமுத்து அதன் சக்கையைப்
பறித்து அனுபவிப்பதாலும்…”
எழுத்து அவளுடையதல்ல,
கச்சேரி வாசலில் பெட்டி போட்டிருந்த நீலகண்ட பிள்ளையுடையது.
‘சமூகம் தயவுண்டாகி’ என்று
வால் நீட்டித்தான் முடிப்பார்.
அவளுடையது அடியில், இடது பெருவிரல்:
அறுத்த தடியின் வளையங்கள்போல்
எண்ணிவிடலாம்.

இரண்டாம் மனுவில் சருகு. மூன்றாவதில் வேலி.
நான்காவதில்
முன்சொன்ன மூன்றுக்கும் பதிலில்லை என்பது.
அதன் பின்புறம் பென்சிலில் பிள்ளையின் சொந்தக் கணக்கு:
‘அண்டியாபீஸ்காரி, பாக்கி நாலு சக்கரம்.
வரவு, ஒரு கை பருப்பு.’
அவள் என்ன வேலை செய்தாள் என்று
சர்க்கார் ஓரிடத்திலும் எழுதவில்லை.
கடன் எழுதி வைத்திருக்கிறது.
அந்தப் பருப்பு மடியில் மறைந்து
வாசல் சோதனையைத் தாண்டிய விதம்
எழுதாமலே தெரிகிறது.

எங்கள் சித்தியும் அண்டி தல்லினவள்தான்.
சாம்பலில் விரலைப் புரட்டிப் புரட்டி உடைப்பாள்.
சாம்பலையும் தாண்டித் தின்னும் அந்த எண்ணெய்.

ஐந்தாம் மனுவில் வளையங்களுக்குக் குறுக்கே
ஒரு வெள்ளைக் கீறல்.
ஆறாவதில் ஓரங்கள் மட்டும் மிச்சம்.
இதற்குள் சங்கு முத்திரை போயிற்று,
திரு-கொச்சி வந்தது, அதுவும் போயிற்று.
அவள் மனு மூன்று அரசுகளுக்கு நடந்தது,
மரம் நின்ற இடத்திலேயே நின்றது,
ஏழாம் மனு வரைக்கும்.

எட்டாவது, சென்னை ராஜ்யத்துக்கு. கையெழுத்து வேறு,
பிள்ளை செத்திருக்கலாம், அல்லது கண் போயிருக்கலாம்.
மரத்தை வெட்டியாகிவிட்டது.
தடி கேட்கவில்லை அவள், விலையும் கேட்கவில்லை.
“மேற்படி மரத்தின் நிழல்
தினம் பகல் பதினொன்று முதல் மூன்று வரை
என் கூரைமேல் கிடந்து வந்ததாலும்
இப்போது கிடக்காததாலும்
தக்க நஷ்டம் வாங்கித் தர வேண்டியது.”
புதிய எழுத்துக்காரன் சிரித்திருப்பான்.
ஆனாலும் எழுதியிருக்கிறான்,
மணியைக்கூட விடாமல்.

கீழே சிவப்பு மையில் ஆபீஸ் குறிப்பு:
விரல்பதிவு முந்தையவற்றோடு ஒத்துவரவில்லை,
ஆளை நேரில் வரவழைத்துப் பார்க்கவும்.
வந்திருக்கிறாள். ஒரு நாள் கூலி போயிருக்கும்.
அடுத்த தாளில் பத்து விரலும் வரிசையாக,
பத்து நாவற்பழம் நசுங்கினதுபோல்,
ஒன்றிலும் ஒரு கோடு கிடையாது.
‘ரேகை தெளிவில்லை. ஆள் இன்னாரென்று
நிச்சயிக்க வகையில்லை. தள்ளுபடி.’

அந்தத் தாளைக் கவிழ்த்தேன்.
திரையில் வந்தது:
பத்துக் கறைகள் உள்ளன. நீக்கவா?
இல்லை என்று தட்டினேன். மறுபடி கேட்டது.
மறுபடியும் தட்டினேன்.

சாயா குடிக்கப் போகும்போதுதான் உறைத்தது,
பதினொன்று முதல் மூன்று வரை
அவள் அண்டியாபீஸில் அல்லவா இருந்திருப்பாள்?
வெயில் ஏறும் அந்த நாலு மணி நேரம்
அந்தக் கூரைக்குக் கீழே
இருந்தது யார்?
எட்டு மனுவையும் திரும்ப வாசித்தேன்.
மகன் என்றோ புருஷன் என்றோ
ஒரு சொல் இல்லை.
இரங்கச் சொல்லிக் கேட்கவில்லை அவள்,
நிழலைத்தான் கேட்டாள்.

கடைசியாக நிரப்ப வேண்டிய கட்டம், ‘குறிப்பு’.
சரியாக இருபது எழுத்துத்தான் ஏற்கும்.
தெரிந்ததை அடித்தேன்:
வீட்டில் பகலில் ஒருவர் படுத்