இருபத்தாறு சென்டிமீட்டர்

சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்
என்றுதான் எல்லோரிடமும் தொடங்குவேன்.
பனி உடைந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டும்.
அப்புறம் வேகம்:
இருபத்தைந்துக்குக் கீழே, இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
இடையில் போனால் உங்கள் வண்டி எழுப்பும் அலை
பனிக்கு அடியில் உங்களோடே ஓடிவரும்.
ஹீயுமா தீவுக்குப் போகிற உறைந்த கடல்மேல்
எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.

விடியுமுன் துளை போட்டு அளந்தேன்.
இருபத்தாறு சென்டிமீட்டர்.
இருபத்திரண்டே போதும்.
எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.
துளைக்கும்போது மணிக்கட்டு ஏதோ சொல்லும்.
பூட்ஸுக்குள் உள்ளங்காலும் சொல்லும்.
அதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

வீவே வந்தது பத்தரைக்கு.
சாம்பல் நிற வண்டி, பின்சீட்டில்
காலித் தேனீப் பெட்டிகள் இரண்டு.
பன்னிரண்டு மணிக்குத் தீவில் கையெழுத்தாம்.
விடுதியில் பாதிப் பங்கு, விலை மலிவு,
பங்காளி டார்மோ தங்கமான ஆள்.
கணக்கரும் சரி என்றுவிட்டார், தங்கையும் சரி என்றுவிட்டாள்.

'பனி எப்படி, ஊர்மஸ்?'
'இருபத்தாறு.'
'அது பலகையிலேயே இருக்கிறது.
எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.'

பதினொரு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.
நான் பலகையைப் பார்த்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாதுதான்.
ஆழமும் தெரிந்து, கனமும் தெரிந்து,
கால் மட்டும் வராமல் நின்றால்?

எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
பின்னால் ரொட்டி வேன் ஹாரன் அடித்தது,
பிறகு அதுவும் அலுத்து ஓய்ந்தது.
கண்ணாடி நீராவியில் மங்கியது. அவள் துடைக்கவில்லை.
அப்புறம் ஒரு சத்தம், சின்னது:
பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.
வண்டி திரும்புமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று நாற்பத்து மூன்று வண்டிகள் போயின.
ஒன்றும் மூழ்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.
விடுதி கோடையில் நிரம்பி வழிந்தது.
டார்மோ இன்றும் தங்கமான ஆள்தான்.
அவள் திரும்பியது சரி என்று காட்ட
இதுவரை எதுவுமே நடக்கவில்லை.

மறு வருஷம் மே மாதம்
துறைமுகக் கடையில் ஈஸ்ட் வாங்க வந்தாள்.
கேட்டுவிட்டேன்: 'பயந்துவிட்டாயா?'

'பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.
வந்தால் அதற்கு வாய் ஓயாது.
உதாரணம் காட்டும், என் முதல் கல்யாணத்தை இழுக்கும்.
அன்றைக்கு உள்ளே ஒரு பேச்சும் இல்லை.
கை போய் கியரைத் தொட்டது, அவ்வளவுதான்.'

சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
'கை தப்பும் செய்யும். ஒருமுறை
அதை நம்பித்தான் நாலு வருஷம் போச்சு.
கணக்கரை நம்பி ஆறு.'
அப்புறம் மீன் விலையைப் பற்றி ஏதோ கேட்டாள்.

என் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதம்.
பால்டிஸ்கி துறைமுகத்தில் வேலை,
வருஷம் முழுக்கச் சம்பளம், காலடியில் ஹீட்டர்.
நல்லது ஒன்பது, கெட்டது இரண்டு
என்று தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்று காலை அளந்தேன். இருபத்து நான்கு.
எழுதினேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
சும்மா நின்றேன்.
காற்று இல்லை. வண்டி இல்லை.
அடியில் தண்ணீர்
தூக்கத்தில் புரள்கிறவரைப் போல ஒருமுறை அசைந்தது.
அசைந்ததா?

சங்கிலியை இழுத்துப் பாதையை மூடினேன்.
ரொட்டி வேன்காரன் என் அம்மாவரை திட்டினான்.
அலுவலகத்திலிருந்து போன்:
'இருபத்து நான்கு இருக்கிறதே, என்ன காரணம்?'

காரணம் இல்லை என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.
'அப்படியென்றால் எதை எழுதட்டும்?'

பதிவேட்டைப் பார்த்தேன்.
ஓரத்தில் இடமிருந்தது.