பதினோராவது வாரம்

ஒரகடத்திலிருந்து போன்:
"டெலிவரி எப்போ மேடம்?"
ஒரு விநாடி
எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை.
வியாழக்கிழமை என்றேன்.
நாலாயிரம் கேஸ்கெட், கறுப்பு ரப்பர், மூன்று துளை.

நேற்று கீழ்ப்பாக்கத்தில்
ஸ்கேன் திரையை டாக்டர்
தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே
தெரிந்துவிட்டது.
மூன்று மணி நேரம் படுக்க வைத்தார்கள்.
பில்லில் ஜிஎஸ்டி இல்லை.
அதையும் பார்த்தேன், பழக்கம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் போய் வந்தது.
பிரஸ் மறுபடி இரையத் தொடங்க,
தில்ஷாத் மட்டும் என் நடையைப் பார்த்துவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
டீயில் அன்று சர்க்கரை அதிகம்.

சனிக்கிழமை சம்பளம். இருபதாம் தேதி ரிட்டர்ன்.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
ஐந்து நிமிடம்,
பிறகு இன்னும் ஏழு.
கதவுக்கு வெளியே எபினேசர்:
"லாரி வந்திருச்சு மேடம்."

தீபாவளி லீவு பார்க்கக்
காலண்டரைப் புரட்டிய கணக்கர்
நவம்பர் ஒன்பதில் நின்றார்.
பென்சில் வட்டம்.
"அன்னைக்கு என்ன டியூ மேடம்?"

அழிப்பதற்கு ரப்பர் தேடினேன்.
மேசையெங்கும் ரப்பர்,
மூன்று துளையோடு,
எதையும் அழிக்காத ரப்பர்.