இருபத்தொன்பது

கோஸ்லாரில் மழை.
என் அடித்தள அறைக்கும் ஒரு ஜன்னல் உண்டு;
அதில் போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும்.
காயங்களுக்கு எண் போடுவது என் வேலை.

இன்று த்யார்க் வேடகிண்ட், வயது நாற்பத்தேழு.
ஹார்ட்ஸ் மலையில் பட்டைவண்டு அரித்து
நின்றபடியே செத்துப்போன ஸ்ப்ரூஸ் மரங்களை
அறுத்துச் சாய்க்கிறவன்.
ஒரு மரம் மட்டும்
எந்தப் பக்கம் விழவேண்டும் என்று
அவனைக் கேட்கவில்லை.

தலை இரண்டு.
தொடை மூன்று.
மார்பு நான்கு.
ஒவ்வோர் எண்ணையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டவேண்டும்:
நான்கு, ஒன்பது, பதினாறு.
ஆக இருபத்தொன்பது.
வலியை வர்க்கப்படுத்தலாம் என்று முதலில் நினைத்தவர்
பள்ளியில் கணக்கை விரும்பிப் படித்திருக்கவேண்டும்.

அதே மேசையில் இன்னொரு கோப்பு.
மெர்லே ஹாசல்ஹோர்ன், மோட்டார்சைக்கிள்.
இடுப்பு நான்கு, வயிறு மூன்று, மார்பு இரண்டு.
அவளுக்கும் இருபத்தொன்பதுதான்.
மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும்
செர்ரி போட்ட யோகர்ட் கேட்டாள்.
எலுமிச்சை கொடுத்ததற்குத் திட்டினாள்.
இரவு நர்ஸ் அந்த வசவையும்
விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

த்யார்க்கின் தாள்கள் அப்படிப் போகவில்லை.
ஆறு விலா எலும்புகள், ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிவு.
கூட்டிலிருந்து கழன்ற அந்தத் துண்டு
மார்பெல்லாம் எழும்போது தான் தாழ்கிறது,
மார்பெல்லாம் தாழும்போது தான் எழுகிறது.
ஊரோடு ஒத்துப்போகாத
உள்ளங்கை அகலத் தோல்.
அதன் அடியில் நுரையீரல்
மிதிபட்ட பழம்போலக் கன்றிக் கிடக்கிறது.

அன்றிரவு ஒன்றரை மணிக்கு
மனைவி ஃப்ரௌகே கேட்டாளாம்:
தொடை எலும்பு இரண்டாகக் கிடக்கிறதே,
அதை ஏன் அப்படியே விட்டிருக்கிறீர்கள்?
டாக்டர் எல்மாஸ் முகமூடியைக் கீழே இறக்கினாராம்.
இப்போது மஜ்ஜைக்குள் ஆணி இறக்கினால்
அந்த நுரையீரல் தாங்காது.
கால் காத்திருக்கும். மூச்சு காத்திருக்காது.

ஆகவே வெளியே கம்பி பூட்டிக்
காலை நேராக நிறுத்திவைத்தார்கள்,
அவன் வேலை செய்யும் காட்டில்
இளங்கன்றுக்குக் குச்சி நட்டுக் கட்டுவதுபோல.
படுத்த படுக்கையில், முளைக்க ஒன்றுமில்லாமல்.

ஐந்தாம் நாள் நிமோனியா.
எட்டாம் நாள் ஆணிக்குத் தேதி குறித்து, அடித்துவிட்டார்கள்.
பத்தாம் நாள் மறுபடி குறித்து, மறுபடி அடித்தார்கள்.
பதின்மூன்றாம் நாள்தான் நுரையீரல் சம்மதித்தது.
மூச்சுக்கருவியில் இருந்த நாள்கள்: பதினாறு.
நான்கின் வர்க்கம்.
தற்செயல்தான். என்றாலும்
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தேன்.

பதினோரு வருடமாக இதே நாற்காலி.
மார்பு நான்கைத் தொட்ட தாள்கள்
கையில் எடுக்கும்போதே கனக்கின்றன.
மற்ற காயங்கள் தத்தம் முறைக்கு நிற்கும்;
இது வரிசையின் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டு
யாரை எப்போது உள்ளே விடுவது என்று முடிவு செய்யும்.
சில தாள்கள் நடுவிலேயே முடிந்துவிடும்.
அவற்றையும் கூட்டித்தான் வைக்கிறேன்.

படிவத்தில் மார்பு என்றுதான் போட்டிருக்கிறது.
நெஞ்சு என்று போட்டிருந்தால்
ஃப்ரௌகேவுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கவேண்டும்.

கடைசிப் பக்கம், பிசியோதெரபிஸ்ட் கையெழுத்து.
இருபத்தேழாம் நாள்.
வீட்டு நாய் காப்பீட்டுக் கடிதத்தை
உறையோடு தின்றுவிட்டது என்று மனைவி சொல்ல,
நோயாளி தலையணையை மார்போடு இறுக்கிக்கொண்டு
நிறுத்து, நிறுத்து என்று கெஞ்சியபடி சிரித்தார்.
விலா நோக என்பது
இந்த ஒரு கோப்பில் உவமை இல்லை.

கீழே ஒரு வரி:
ஆழ்ந்த மூச்சு, தானாகவே, ஏழு முறை.
காரணம்: நாய்.