சாமந்தி விளக்கு

ராயக்கோட்டையில் என் கொல்லைக்குக் கிழக்கே
திம்மராயப்பாவின் சாமந்தித் தோட்டம்.
இரவு பத்திலிருந்து இரண்டுவரை
முந்நூறு பல்பு எரியும்.
செடி பகலென்று ஏமாந்து
மொட்டு விடாமல்
விலை ஏறக் காத்திருக்கும்.

எனக்கும் அந்தப் பத்திலிருந்து இரண்டுதான் வேண்டும்.

ஆனியில் மேகம்.
ஆடிக்காற்றில் முக்காலி நடுங்கி
விண்மீனெல்லாம் கோடு.
ஐப்பசி முழுக்கத் தொலைநோக்கி பீரோமேல்,
உறைக்குள் சிலிக்கா பொட்டலம்.
கார்த்திகையில் ஒருநாள் வானம் துடைத்து வைத்தாற்போல்;
அன்றைக்கென்று லென்ஸ் வேர்த்தது,
பல்லவியின் ஹேர் டிரையரைச் சொல்லாமல் எடுத்தேன்.

திருவாதிரைக்குக் கிழக்கே ரோஜா நெபுலா.
கண்ணுக்கு வெறும் கருப்பு.
ஐந்தைந்து நிமிடமாக
மார்கழி முழுக்கச் சேர்த்தது ஒன்பது மணி நேரம்.
அதில் பாதி பல்பின் மஞ்சள்.

தை பிறந்த நான்காம் இரவு
தோட்டம் அணைந்தது.
கரண்ட் போச்சென்று எட்டிப் பார்த்தேன்,
என் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
வேலியோரம் பீடி நெருப்பு:
"இனி இருட்டு குடுத்தாத்தான் பூக்கும் சார்."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.
சாம்பல் நடுவே
துணியில் துவைத்தும் போகாத கறைபோல ஒரு சிவப்பு.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"பறிக்க எத்தனை நாள் ஆகும்?"

பங்குனியில் அவர் பூ
கிலோ பதினெட்டுக்குப் போனது.
இருட்டும் முன்னே ரோஜா மேற்கில் சாயத் தொடங்கிவிட்டது,
எனக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி.
நேற்று புது நாற்று இறக்கினார்,
பல்புகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.